அப்பாவுக்கு வாசிப்புக் கருவி: கின்டிலா, கோபோவா? பழைய புத்தக ஸ்கேன் வாசிக்க முடிய வேண்டும்

பொகவந்தலாவை டீச்சர்:

வணக்கம். அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 71. போன வருடம் ஒரு கண்ணில் புரை எடுத்தது. போனில் பத்து நிமிடம் வாசித்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. டுபாயில் இருக்கும் தம்பி தீபாவளிக்கு வருகிறான், எது வேண்டும் என்று கேட்கிறான். காகிதம் மாதிரித் தெரியும் மின்தாள் திரைக் கருவிகளில் நான் பார்த்து வைத்தது இரண்டு: கின்டில் பேப்பர்வைட் 7 அங்குலம், கோபோ கிளாரா 6 அங்குலம், கறுப்பு வெள்ளை. கிளாரா விலை குறைவு என்பதால் மனம் அந்தப் பக்கம் இருக்கிறது.

முதலில் ஒரு கை பார்ப்போம் என்று, கூடப் படிப்பிக்கும் ஒருவரிடம் 6 அங்குலப் பழைய கின்டில் இரவல் வாங்கினேன். இரண்டு சிக்கல். நூலகம் என்ற ஈழத்து இணைய நூலகத் தளத்தில் இறக்கிய பழைய மலையகப் புத்தகம் ஒன்றைப் போட்டால் எழுத்து கடுகு மாதிரி தெரிகிறது, எழுத்தைப் பெரிதாக்கவும் விடமாட்டேன் என்கிறது. அடுத்தது, அப்பா சொல்லச் சொல்ல நான் முன்பு கணினியில் அடித்து வைத்த தோட்டத்துக் கதைகள். அவை ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகின்றன. புதுக் கருவி வாங்கினால் இரண்டும் சரியாகுமா?

கொட்டகலை ஆள்:

கதைகளின் சிக்கலை முதலில் முடித்துவிடுவோம் டீச்சர். அது பாமினியில் அடித்த கோப்பு, சரியா? பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார வைத்த எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அடியில் கிடக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும். எந்தக் கருவி வாங்கினாலும் இதுதான் கதை. பாமினியை, எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோட் எழுத்தாக மாற்றும் பக்கங்கள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை முழுதாக வாசித்துப் பாருங்கள், இடையில் உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழாக்கிக் குதறி வைத்திருக்கும். அப்புறம் கலிபர் என்ற மென்பொருளில் போட்டு ஈபப் என்ற மின்னூல் கோப்பாக ஆக்கினால் வேலை முடிந்தது.

பண்டாரவளை அண்ணன்:

ஸ்கேன் விஷயம்தான் பெரியது தங்கச்சி. அது எழுத்து இல்லை, பக்கத்தின் படம். அதனால்தான் எழுத்தின் அளவை மாற்ற முடியவில்லை. ஈபப் கோப்பில் எழுத்து எழுத்தாகவே இருக்கும், வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம். மதுரைத் திட்டம், ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் என்ற இலவச மின்னூல் தளங்கள் இரண்டிலும் அப்படி நிறையக் கிடைக்கும். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸில் 6 அங்குலத் திரைக்கென்றே தனிப் பிடிஎஃப்பும் வைத்திருக்கிறார்கள். ஆனால் நூலகத்தில் இருக்கும் நம்முடைய பழைய புத்தகங்கள் பெரும்பாலும் ஸ்கேன்தான், அப்பா தேடுவதும் அதைத்தான். ஆகவே கின்டிலா கோபோவா என்பதை விட எத்தனை அங்குலம் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். சாதாரண டெமி அளவுப் புத்தகத்தின் அகலம் 14 சென்டிமீற்றர். 6 அங்குலம் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு, அதன் அகலம் 9 சென்டிமீற்றர்தான். பக்கம் 65 சதவீதமாகச் சுருங்கும், கடுகு அங்கிருந்துதான் வருகிறது. 7 அங்குலத்தில் அகலம் கிட்டத்தட்ட 10.7, அதாவது 76 சதவீதம். அதே 7 அங்குலத்தைக் குறுக்கே திருப்புங்கள்: அகலம் 14.2. புத்தகத்தில் இருந்த அதே அளவு எழுத்து! ஒரு தடவைக்கு அரைப் பக்கம் தெரியும், ஒரு தட்டுத் தட்டினால் மற்ற அரை. ஓரத்து வெள்ளையைக் கணினியிலேயே வெட்டிவிட்டு ஏற்றினால் இன்னும் பெரிதாகும்.

ஹட்டன் இளவல்:

அரைப் பக்கம் அரைப் பக்கமாக எதற்கு? 10.3 அங்குல பூக்ஸ் கோ என்ற கருவியை எடுங்கள். ஆன்ட்ராய்ட் என்பதால் கின்டில் செயலியும் ஓடும்.

பண்டாரவளை அண்ணன்:

தம்பி, 2024இல் வந்த அந்த 10.3இல் திரை விளக்கே இல்லை. மலையில் மழைக்காலம், கரண்ட் போனால் டீச்சரின் அப்பா மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டா வாசிப்பார்? 10.2 அங்குல கின்டில் ஸ்கிரைபில் விளக்கு இருக்கிறது, ஆனால் பணப்பை தாங்காது.

நானுஓயா வாசகி:

நான் கின்டில் கட்சி. தமிழ்நாட்டுப் பதிப்புகள் கின்டில் கடையில் ஏராளம், அங்கே வாங்கியதைப் பெரும்பாலும் கோபோவில் திறக்க முடியாது. ஒன்று மட்டும் கவனம் அக்கா: ஈபப் கோப்பை கேபிளில் போட்டால் கின்டில் கண்டுகொள்ளாது, சென்ட் டு கின்டில் என்ற அமேசான் சேவை வழியாக அனுப்ப வேண்டும், அதற்கு இணையம் வேண்டும். எங்கள் பக்கம் மழை பெய்தால் சிக்னல் படுத்துவிடும், நான் டவுனுக்குப் போகும் நாளில் மொத்தமாக அனுப்பி வைப்பேன். பிடிஎஃப் என்றால் கேபிளிலேயே ஏறும். கோபோவில் ஈபப்பும் நேரே ஏறும், அதை ஒத்துக்கொள்கிறேன்.

பொகவந்தலாவை டீச்சர்:

7 அங்குல கோபோவும் இருக்கிறதே, லிப்ரா கலர். பக்கம் திருப்பப் பொத்தான் வேறு. அப்பாவின் விரல் காய்த்துப் போனது, தொடுதிரை சில நேரம் அவர் சொல் கேட்பதில்லை.

பண்டாரவளை அண்ணன்:

பொத்தான் நல்லதுதான். ஆனால் நிறத் திரையில் எழுத்துக்கு மேல் ஒரு வடிகட்டிப் படலம் இருக்கும், பின்னணி கொஞ்சம் சாம்பலாகத் தெரியும். புரை எடுத்த கண்ணுக்கு வெள்ளைக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் பளிச்சென்று இருக்க வேண்டும். வெளிவந்தபோது விலையும் 219.99 டொலர், பேப்பர்வைட் 159.99. உங்கள் தேவைக்கு நான் பேப்பர்வைட் என்பேன், கோபோ வைத்திருக்கும் நானே சொல்கிறேன். பிடிஎஃப்பில் எழுத்தைக் கறுப்பாக்கும் அமைப்பும் பேப்பர்வைட்டில் உண்டு.

ஆனால் என் பேச்சை நம்பித் தம்பியிடம் சொல்ல வேண்டாம். போட்டோ கொப்பிக் கடையில் ஒரு பழைய புத்தகப் பக்கத்தை 65, 76, 100 என்று மூன்று அளவில் எடுத்து அப்பா கையில் கொடுங்கள். எது எந்தக் கருவி என்று சொல்லாதீர்கள்.

பொகவந்தலாவை டீச்சர்:

செய்தேன். 100ஐ மட்டும் குறுக்குத் திரை மாதிரி மேல் அரைப் பக்கமாக எடுத்தேன். அப்பா 65ஐக் கண்ணருகே கொண்டுபோனார், கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார், "இது யாருக்கு அடித்தது, எறும்புக்கா?" என்று திருப்பித் தந்துவிட்டார். 76இல் நாலைந்து வரி வாசித்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 100ஐ வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இஸ்தோப்புக்குப் போய்விட்டார். வெளியே மூடுபனி, வெளிச்சமும் குறைவு.

பேப்பர்வைட் என்று தம்பிக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது அப்பா தாளோடு உள்ளே வந்தார். மற்றப் பாதி எங்கே என்று கேட்கிறார்.