வான்வெளி மூடல், பொருளாதாரத் தடை: விமானப் பாதையை எது எப்படி மாற்றுகிறது?

வழிப்போக்கன்:
ஹெல்சிங்கி–டோக்கியோ முன்பு சுமார் 9 மணி நேரம். 2022-க்குப் பிறகு 13 மணி நேரத்தை ஒட்டி வருகிறது. ரஷ்யா வான்வெளியை மூடியதுதான் காரணம் என்று தெரியும். ஆனால் அதே ரஷ்யாவின் மேலே சீன விமானங்கள் மட்டும் எப்படிப் பறக்கின்றன? ஈரான் வான்வெளி திறந்திருக்கும் நாட்களிலும் சில நிறுவனங்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லையே, ஏன்? சுற்றுவழி என்றால் கூடுதலாக எரிபொருள் நிரப்பிக்கொண்டு போக வேண்டியதுதானே, சேவையையே ஏன் நிறுத்துகிறார்கள்?

திசைகாட்டி:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். 1944 சிகாகோ உடன்படிக்கையின் முதல் பிரிவே, ஒரு நாட்டின் வான்வெளி முழுக்க அந்த நாட்டுக்கே சொந்தம் என்கிறது. அட்டவணைப்படி ஓடும் விமானங்களுக்குத் தனி அனுமதி வேண்டும் என்பது 6-ஆம் பிரிவு. தரையிறங்காமல் கடந்து போகும் உரிமையைப் பொதுவாகத் தருவதற்கென்று வேறொரு ஒப்பந்தம் இருக்கிறது. ரஷ்யா அதில் சேரவே இல்லை. அதனால் சைபீரியா வழி எப்போதுமே நாட்டுக்கு நாடு பேசி வாங்கிய அனுமதிதான். ஐரோப்பிய நிறுவனங்கள் அதற்காக ரஷ்ய விமான நிறுவனமான ஏரோஃபுளோட்டுக்குப் பணமும் கட்டி வந்தன.

2022 பிப்ரவரி 27 அன்று ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களைத் தடுத்தது. மறுநாளே ரஷ்யா 36 நாடுகளின் நிறுவனங்களைத் தடுத்தது. இங்கே தடுக்கப்படுவது பாதை அல்ல, நிறுவனத்தின் நாடு. சீனா அந்தப் பட்டியலில் இல்லை. விளைவு: லண்டன்–பெய்ஜிங் பாதையில் சீன விமானம் நேரே போகிறது. சுற்றிப் போக வேண்டிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2024 அக்டோபரில் அந்தச் சேவையை நிறுத்திவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2025 ஏப்ரல் 24 அன்று இந்திய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடிய பாகிஸ்தான், அதை மாதாமாதம் நோட்டாம் (விமானிகளுக்கான அதிகாரபூர்வ அறிவிப்பு) போட்டு நீட்டித்தது. விமான அட்டவணையோ கோடை, குளிர்காலம் என்று பருவத்துக்கு ஒன்றாகத் தயாராவது. அடுத்த மாதம் வழி திறக்குமா என்று தெரியாமல் அந்தப் பருவம் முழுக்க டிக்கெட் விற்க வேண்டும். என்னைக் கேட்டால், ஒரேயடியாக மூடுவதைவிட இதுதான் பெரிய தலைவலி.

லோடுஷீட்:
"எரிபொருள் நிரப்பிக்கொண்டு போக வேண்டியதுதானே" என்பதற்குக் கணக்கு பாருங்கள். போயிங்கின் பெரிய நீண்ட தூர விமானமான 777-300ஈஆர் தோராயமாக மணிக்கு 7.5 டன் எரிக்கும். 3 மணி நேரம் கூடினால் 22 டன்னுக்கு மேல். அந்த 22 டன்னைக் கடைசி வரை சுமந்து போகவும் எரிபொருள் செலவாகும். நீண்ட தூரப் பறப்பில், கூடுதலாக ஏற்றும் எடையில் மணிக்கு 3–4 சதவீதம் அதைச் சுமக்கவே கரையும் என்பது பொதுவான கைக்கணக்கு.

புறப்படும் எடைக்கும் உச்சவரம்பு உண்டு. இந்த விமானத்துக்கு அது சுமார் 351 டன். ஆகவே எரிபொருள் ஏற ஏற, முதலில் சரக்கு இறங்கும், பிறகு இருக்கைகளைக் காலியாக விட வேண்டிவரும். பல நீண்ட பாதைகளில் லாபத்தைத் தருவதே அந்தச் சரக்குதான்.

இதைவிடப் பலர் கவனிக்காதது விமானச் சுழற்சி. 9 மணி நேரப் பாதையில் போய்வர 18 மணி, இரு முனைகளிலும் தரையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் 24 மணிக்குள் அடங்கிவிடும். ஒரே விமானம் தினமும் அதே நேரத்துக்குக் கிளம்பும். பறக்கும் நேரம் 13 ஆனால் போய்வரவே 26 மணி. தினசரி சேவைக்கு இன்னொரு விமானம் வேண்டும், கூடுதல் விமானிகளும் வேண்டும். பாதையைக் கொல்வது பெரும்பாலும் இதுதான், எரிபொருள் விலை அடுத்தபடிதான்.

சிறிய விமானங்களுக்கு எட்டும் தூரமே போதாமல் போகும். 2025 ஏப்ரல் இறுதியில் இண்டிகோ அல்மாட்டி, தாஷ்கண்ட் சேவைகளை நிறுத்தியது அதனால்தான். ஏர் இந்தியா அமெரிக்கா போகும் வழியில் வியன்னாவில் இறங்கி எரிபொருள் நிரப்பியது. அப்படி இறங்கினால் தரையிறங்கும் கட்டணம், தரைப்பணிச் செலவு எல்லாம் சேரும். பணிநேர வரம்பு தாண்டினால் அங்கே மாற்று விமானிகளையும் தயாராக நிறுத்த வேண்டும்.

வடதுருவ வழி என்றால் வேறு பிரச்சினை. ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 டிகிரி, அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ என்றால் மைனஸ் 40 மட்டுமே. தொட்டியின் வெப்பநிலை அந்த எல்லையை நெருங்கினால் கீழே இறங்கியோ வேகத்தைக் கூட்டியோ பறக்க வேண்டும். இரண்டுமே எரிபொருளைத் தின்னும்.

ஹேங்கர்_ஏழு:
ஈரான் கேள்விக்கு வருகிறேன். வான்வெளி மூடல் பாதையைத் தடுக்கும், பொருளாதாரத் தடை விமானத்தையே பிடிக்கும். மேலே பறக்க அனுமதி இருக்கலாம். ஆனால் இன்ஜின் பழுதாகி அங்கே இறங்கினால்?

2018 டிசம்பர் 14, துபாயிலிருந்து ஆஸ்லோ போன நார்வீஜியன் 737 மேக்ஸ் இன்ஜின் கோளாறால் ஈரானின் ஷிராஸில் இறங்கியது. பயணிகள் மறுநாள் வேறு விமானத்தில் போய்விட்டார்கள். விமானம் 2019 பிப்ரவரி வரை அங்கேயே நின்றது. உதிரிபாகத்தை ஈரானுக்குள் கொண்டுபோக அமெரிக்க அனுமதி வேண்டியிருந்தது. போயிங் என்பதால் மட்டும் அல்ல. ஈரானைப் பொறுத்தவரை ஒரு பொருளில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுப்படுத்தப்பட்ட அமெரிக்கப் பாகம் இருந்தாலே அந்த விதி வந்துவிடும். ஏர்பஸும் தப்பாது.

தடைப்பட்டியலில் இல்லாத நிறுவனமும் இதில் சிக்கலாம். 2023 ஜூனில் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ ஏர் இந்தியா 777, இன்ஜின் கோளாறால் ரஷ்யாவின் மகதானில் இறங்கியது. 216 பயணிகளை ஏற்றிப்போக வேறொரு 777 வந்து சேர இரண்டாம் நாள் ஆயிற்று.

அதனால் டிஸ்பாட்சர் (தரையிலிருந்து பறப்பைத் திட்டமிடுபவர்) பாதை போடும்போது, வழியில் எங்கே இறங்கலாம் என்ற பட்டியலையும் சேர்த்தே பார்ப்பார். குத்தகை விமானம் என்றால் எந்தெந்த நாட்டில் இறக்கக் கூடாது என்று குத்தகை ஒப்பந்தத்திலும் காப்பீட்டிலும் எழுதியிருக்கும். 2022-இல் 400-க்கும் மேற்பட்ட வெளிநாட்டுக் குத்தகை விமானங்கள் ரஷ்யாவில் மாட்டிக்கொண்ட பிறகு அந்த வரிகளை யாரும் மேலோட்டமாகப் படிப்பதில்லை.

பாதுகாப்பு எச்சரிக்கை இதிலெல்லாம் சேராத தனிக் கதை. "திறந்திருக்கிறது" என்பதை மட்டும் நம்ப முடியாது. 2014-இல் கிழக்கு உக்ரைன் மேலே சுட்டு வீழ்த்தப்பட்ட மலேசிய விமானம் எம்ஹெச்17 பறந்தது 33,000 அடியில். உக்ரைன் அங்கே 32,000 அடி வரைதான் மூடியிருந்தது.

வழிப்போக்கன்:
இப்போது தெளிவு. பயணியாக முன்பதிவுக்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

திசைகாட்டி:
அந்த விமான எண் கடந்த ஒரு வாரம் உண்மையில் எந்த வழியில் போனது, எத்தனை மணிக்குச் சேர்ந்தது என்று விமானங்களைக் கண்காணிக்கும் ஃபிளைட்ரேடார்24 தளத்தில் பாருங்கள். அறிவிக்காத இடைநிறுத்தம் இருந்தால் அங்கே தெரிந்துவிடும். இணைப்பு விமானத்தை அதே டிக்கெட்டில் வாங்குங்கள். தனித்தனியாக வாங்கினால் முதல் விமானத்தின் தாமதத்துக்கு இரண்டாம் நிறுவனம் பொறுப்பேற்காது. ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் விமானம் வான்வெளி மூடலால் ரத்தானால் 600 யூரோ இழப்பீட்டை எதிர்பார்க்காதீர்கள், அது விதிவிலக்கான சூழ்நிலை. ஆனால் பணத்தைத் திருப்பித் தருவது அல்லது மாற்று விமானம் தருவது, காத்திருக்கும் நேரத்தில் உணவும் தங்குமிடமும் தருவது அவர்கள் கடமை. கவுன்டரில் தாமாகச் சொல்லமாட்டார்கள், கேளுங்கள்.

லோடுஷீட்:
பயணக் காப்பீட்டில் போர் தொடர்பான விலக்குப் பிரிவையும் படித்துவிடுங்கள். மூடல் அறிவிப்பு வந்த பிறகு வாங்கும் பாலிசி, "முன்பே தெரிந்த நிகழ்வு" என்று சொல்லிக் கோரிக்கையை நிராகரிக்க வாய்ப்பு அதிகம்.