யாரும் கேட்காமலே உதவிக்கு ஓடும் குழந்தைகள்: உங்கள் வீட்டில் பார்த்ததைச் சொல்லுங்கள்

மாடிவீடு:
பிளம்பர் வந்திருந்தார். சிங்குக்குக் கீழே தலையை விட்டுப் படுத்திருந்தபோது ஸ்பேனர் கை நழுவி ஃப்ரிட்ஜ் பக்கம் போய்விட்டது. என் பையனுக்கு அப்போது ஒன்றேகால் வயது. புது ஆள் வந்தாலே என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவன், அன்றும் அழுதுகொண்டுதான் இருந்தான். அவர் கை மட்டும் வெளியே நீண்டு தரையைத் துழாவுவதைப் பார்த்ததும் அழுகை நின்றது. இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, தத்தித் தத்திப் போய், ஸ்பேனரை இரண்டு கையாலும் தூக்கி அந்தக் கைக்குள் வைத்தான். உடனே என்னிடம் ஓடிவந்து விட்ட இடத்திலிருந்து மறுபடி அழ ஆரம்பித்துவிட்டான். பயம் போகவே இல்லை, பயத்தோடுதான் போயிருக்கிறான். இரண்டு வருடம் ஆகியும் இது எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. யாரும் சொல்லித் தரவில்லையே.

அங்கன்வாடி அக்கா:
சொல்லித் தரவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கையில் எதையாவது பிடிக்கத் தெரிந்த நாளிலிருந்து "தாத்தாவுக்குக் குடு, அத்தைக்குக் குடு, என் தங்கம்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்போம்! அது பாடம் இல்லையா?
என் மையத்தில் ஒரு பெண் குழந்தை, இரண்டரை வயது. சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் தட்டு வைப்பாள். ஒருநாள் காய்ச்சலில் வராத பையனின் இடத்திலும் தட்டை வைத்துவிட்டு, அதில் முட்டை வைக்கச் சொல்லி என் புடவையை இழுத்துக்கொண்டே நின்றாள். வைத்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

கல்லூரிச் சாலை:
அக்கா சொல்வதில் பாதிதான் சரி. 2006இல் ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் வார்னெகன், டொமசெல்லோ என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 18 மாதக் குழந்தைகள் 24 பேரை வைத்துப் பார்த்தார்கள். முன்பின் தெரியாத ஆள் துணி காயப்போடுகிறார், கிளிப் கீழே விழுகிறது, எட்டவில்லை. இன்னொன்றில் கை நிறையப் பத்திரிகைகளோடு அலமாரிக் கதவைத் திறக்க முடியாமல் முட்டிக்கொள்கிறார். இப்படிப் பல சூழ்நிலைகள். 24 பேரில் 22 பேர் ஒரு தடவையாவது உதவினார்கள். முக்கியமான விஷயம், அதே ஆள் கிளிப்பை வேண்டுமென்றே எறிந்தபோது பெரும்பாலும் குழந்தைகள் எடுத்துத் தரவில்லை. 'குடு' என்று பழக்கியது மட்டும்தான் காரணம் என்றால் எறிந்ததையும் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டுமே? அவருக்கு அது வேண்டும், கைக்கு எட்டவில்லை என்று புரிந்துதான் போகிறார்கள். மூன்று இளம் சிம்பன்சிகள்கூட எட்டாத பொருளை எடுத்துத் தந்தன. அவற்றிடம் யார் "அத்தைக்குக் குடு" என்றார்கள்?

அங்கன்வாடி அக்கா:
அந்தச் சிம்பன்சிகள் மனிதர்களோடு வளர்ந்தவைதானே தம்பி? குழந்தைக்குள் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. விதை இருக்கலாம், தண்ணீர் நாம்தானே ஊற்றுகிறோம்.

தறிக்காரர் மகள்:
என்னுடையது வேறு மாதிரி. மகளுக்கு இரண்டு வயது இருக்கும்போது நான் தரை துடைத்தால் அவளும் ஒரு ஈரத்துணியோடு வந்து குனிவாள். வேலைக்குக் கிளம்பும் அவசரம். அவள் துடைத்தால் இரட்டை வேலை. "நீ போய் விளையாடு, எனக்கு அதுதான் பெரிய உதவி" என்று தினமும் அனுப்பினேன். அப்புறம் நான்கு வயதில் நானே கூப்பிட்டேன், வரவில்லை, ஒரு வேலைக்கு ஒரு சாக்லேட் என்று ஆரம்பித்தேன். இப்போது ஏழு வயது. போன வாரம் பாட்டி கையிலிருந்து மாத்திரை அட்டை விழுந்தபோது பக்கத்திலேயே நின்றுகொண்டு, "எடுத்துக் கொடுத்தா என்ன தருவே?" என்று கேட்டாள்.

இரட்டையர் அப்பா:
தப்பு சாக்லேட்டில்தான் ஆரம்பித்திருக்கிறது. முன்னே சொன்ன அதே இரண்டு பேர் 2008இல் 20 மாதக் குழந்தைகளிடம் இதைப் பார்த்தார்கள். உதவியதற்கு விளையாட ஒரு பொருள் கொடுக்கப்பட்ட குழந்தைகள் அடுத்த சுற்றில் குறைவாக உதவினார்கள், வெறும் பாராட்டு கிடைத்தவர்களும் ஒன்றுமே கிடைக்காதவர்களும் அப்படிக் குறையவில்லை. பாராட்டு வாங்கத்தான் ஓடுகிறார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 2012இல் வந்த ஓர் ஆய்வில் இரண்டு வயதுக் குழந்தைகளின் கண்மணியை அளந்தார்கள். ஒருவர் தவிப்பதைப் பார்க்கும்போது பதற்றத்தில் விரிந்திருந்த கண்மணி, குழந்தை தானே உதவினாலும் சுருங்கியது, வேறொருவர் உதவினாலும் அதே அளவு சுருங்கியது. அவர்களுக்கு வேண்டியது அந்த ஆளுக்கு வேலை நடப்பதுதான், பெயர் அல்ல. அதனால் நீங்கள் செய்ய வேண்டியது, சாக்லேட்டை இன்றே நிறுத்துங்கள். ஒருநாளில் மாறாது. சப்பாத்தி மாவு பிசையும்போது ஒரு உருண்டையை அவள் கையில் கொடுங்கள், தேய்த்தது கோணலாக இருந்தால் அப்படியே சுடுங்கள், அவள் எதிரில் திருத்தித் தேய்க்காதீர்கள். காய் கழுவ விடுங்கள், நேரம் இல்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது. "செய்" என்று சொல்வதைவிட நீங்கள் திணறுவதை அவள் பார்க்க விடுங்கள், கொஞ்ச நேரம் வாயைத் திறக்காதீர்கள்.

தறிக்காரர் மகள்:
நான் வழி கேட்டு எழுதவில்லை அண்ணா, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்கிறேன். எனக்கு மறக்க முடியாதது சாக்லேட் இல்லை. ஒருநாள் நான் அந்த ஈரத்துணியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அவள் அழவில்லை. காலியான கையை அப்படியே நீட்டிக்கொண்டு, நான் துடைத்து முடிக்கும்வரை வாசற்படியில் நின்றாள்.