போப்போல் வூவின் 'அகீர்ரே' எல்பி: ஹம் சத்தத்தை எடுப்பது எப்படி?

வணக்கம். இயக்குநர் வெர்னர் ஹெர்ட்ஸாக்கின் 1972 படத்துக்கு ஜெர்மன் இசைக்குழுவான போப்போல் வூ போட்ட இசையைச் சுற்றி அமைந்த ஆல்பம் இது (1975). இந்த இசைத்தட்டை டர்ன்டேபிளில் ஓட்டி லேப்டாப்புக்கு மாற்றுகிறேன். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிவாகிறது. உச்சம் மைனஸ் 6 டெசிபெல். மெல்லிய இடங்களில் 50, 100, 150 ஹெர்ட்ஸில் ஹம் (மின்சார ரீங்காரம்) கேட்கிறது. டர்ன்டேபிளின் எர்த் வயரை ப்ரீஆம்ப் (ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி) திருகில் இறுக்கியதும் குறைந்தது, முழுக்கப் போகவில்லை.

நாட்ச் ஃபில்டரை (ஒரு குறிப்பிட்ட அலைவரிசையை மட்டும் வெட்டுவது) அகலமாக வைத்தால் மூக் சிந்தசைசரின் அடிநாதம் மெலிகிறது. க்யூ (கூடக் கூட வெட்டு குறுகும்) 30 போதுமா, இன்னும் கூட்டலாமா? தட்டின் சொடுக்குச் சத்தங்களை எடுக்கும் க்ளிக் நீக்கியை ஏற்றினால் கொயர் ஆர்கன் என்ற கீபோர்டின் பாடகர் குழுக் குரல்கள் மழுங்குகின்றன. (அந்தக் கருவியே டேப்பில் ஓடுவது, கொஞ்சம் இரைச்சல் அதற்கு அழகுதான்.) லேப்டாப்பை பேட்டரியில் மட்டும் ஓட்டினால் எர்த் லூப் (கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த் ஆகி ஹம் தரும் சுற்று) அறுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.