ரத்தப் பரிசோதனையில் ஏஎன்ஏ பாசிட்டிவ் என்று வந்ததும் பாதி உயிர் போய்விட்டது, உங்களுக்கு என்ன ஆச்சு?

ராத்திரி 11 மணிக்கு லேப்காரர் வாட்ஸப்பில் ரிப்போர்ட் அனுப்பினார், அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம். அதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே இரண்டு பாதமும் மதமதவென்று இருந்தது, சாக்ஸ் போட்ட மாதிரி. ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் வலது கால் செருப்பு கழன்று பின்னால் கிடக்கிறது, நான் பாட்டுக்குப் பத்தடி நடந்து போயிருக்கிறேன். பூ விற்கிற அம்மா கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் குனிந்தே பார்த்தேன். அன்றைக்குத்தான் பயம் வந்தது.

பக்கத்துத் தெரு டாக்டர் ஒரு நீளமான லிஸ்ட் எழுதிக்கொடுத்தார். வந்த ரிப்போர்ட்டில் எல்லாம் சரி, ஒன்று மட்டும் தடித்த எழுத்தில்: ஏஎன்ஏ பாசிட்டிவ், 1:80, ஸ்பெக்கிள்ட் (புள்ளி புள்ளியாக). ஏஎன்ஏ என்பது உடம்பு தன் செல்லின் கருவுக்கே எதிராக உண்டாக்குகிற ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம். போனில் தேடினால் லூபஸ் (உடம்பு தன்னையே தாக்குகிற நோய்), அது இது என்று வருகிறது. விடியும்வரை தூங்கவில்லை. மனைவியிடம் சொல்லவும் இல்லை, அது பெரிய தப்பு.

நரம்பு டாக்டர் அந்தத் தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டார். வாயில் புண் வருமா, வெயிலில் போனால் முகம் சிவக்குமா, காலையில் விரல் மூட்டு மடங்காதா, கண்ணும் வாயும் வறண்டு போகுமா, முடி கொத்தாகக் கொட்டுகிறதா என்று வரிசையாகக் கேட்டார். எதுவும் இல்லை. அப்போது அவர் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. மோரில் தண்ணீர் விட்டுக்கொண்டே போங்கள், எவ்வளவு விட்ட பிறகும் புளிப்பு தெரிகிறது என்று பார்க்கிற மாதிரிதான் இந்த 1:80. உங்கள் ரத்தத்தை 80 மடங்கு நீர்க்க வைத்த பிறகும் கொஞ்சம் தெரிகிறது, அவ்வளவுதான். ஒரு வியாதியும் இல்லாதவர்களில் 100 பேரை எடுத்தால் 13 பேருக்கு 1:80 வரும், 1:40 என்றால் 30 பேருக்கு மேல் வரும் என்றார்.

அப்புறம் தட்டினால் அதிரும் ஒரு இரும்புக் கவையை என் கால் கட்டைவிரலில் வைத்தார். அதிர்வே தெரியவில்லை. 'பி12 எவ்வளவு?' என்றார். 1,500க்கு மேல். 'ஊசி ஏதாவது போட்டீர்களா?' போட்டேன், மருந்துக்கடையில் சொன்னார்கள் என்று அந்தச் சிவப்பு ஊசி ஐந்து. 'ஊசி போட்ட பிறகு பி12 பார்த்தால் மருந்துதான் தெரியும், நீங்கள் தெரியமாட்டீர்கள்.' வீட்டில் தேடி, போன வருஷம் ஆபீஸில் எடுத்த பழைய ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். பி12 142 என்று இருந்தது, 200க்கு மேல் இருக்க வேண்டியது. சிவப்பணுவின் அளவைச் சொல்லும் எம்சிவி 106, அதை அப்போது யாருமே கவனிக்கவில்லை. நான் சுத்த சைவம், அதோடு ஆறு வருஷமாக வெறும் வயிற்றில் அசிடிட்டி மாத்திரை. காரணம் அங்கே இருந்தது, நான் ஏஎன்ஏவைப் பார்த்து அழுதுகொண்டிருந்தேன்.

உங்கள் கதையையும் எழுதுங்கள்.

---

அண்ணா, எங்கள் வீட்டில் அப்படியே தலைகீழ். அம்மாவுக்கு 58 வயது, திருநெல்வேலிப் பக்கம். ஏஎன்ஏ நெகட்டிவ், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டுகிற ஈஎஸ்ஆர் 12, சுகர், தைராய்டு, பி12 எல்லாம் நார்மல். 'ரத்தத்தில் ஒன்றும் இல்லை, வயசு, சத்துக் குறைவு' என்று டானிக் எழுதி அனுப்பினார்கள், நாங்களும் நம்பினோம். ஆனால் அம்மாவால் தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, தலை வாரக் கை மேலே போகவில்லை, ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போய் இரண்டரை மாதத்தில் கக்கூஸுக்குக் கூட நான் தூக்கிவிட வேண்டிய நிலை.

வேறு ஒரு டாக்டர் சுத்தியலால் முட்டியில் தட்டினார். கால் அசையவே இல்லை. மறுநாள் கரண்ட் டெஸ்ட், அதுதான் நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பது. வேகம் ரொம்பக் குறைவு. முதுகில் நீர் எடுத்தார்கள், 45க்குள் இருக்க வேண்டிய புரதம் 138, ஆனால் செல் இரண்டே இரண்டு. சிஐடிபி என்றார்கள். நரம்பின் மேல் இருக்கிற உறையை உடம்பே அரித்துவிடுகிறதாம். இந்த நோயை உறுதியாகக் காட்டுகிற ஒற்றை ரத்தப் பரிசோதனை கிடையாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நரம்பில் இருக்கிற ஒரு கொழுப்புப் பொருளைத் தாக்குகிற கேங்லியோசைடு ஆன்டிபாடி என்று ஒன்றையும் எடுத்தோம், அதுவும் நெகட்டிவ். அது நெகட்டிவாக வந்தாலும் வைத்தியம் மாறாது என்று டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தார், சாம்பிள் வெளியூர் போய் வருவதற்குள் இம்யூனோகுளோபுலின் என்கிற ஆன்டிபாடி மருந்தை ஏற்றவே ஆரம்பித்துவிட்டார். கிலோவுக்கு 2 கிராம் கணக்கு, அம்மா 60 கிலோ, 120 கிராம், ஐந்து நாள்.

ஒரு விஷயம் எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மருந்து ஏற்றி மூன்று வாரம் கழித்து வேறு ஏதோ காரணத்துக்கு ரத்தம் எடுத்தபோது ஹெபடைட்டிஸ் பி கோர் ஆன்டிபாடி (கல்லீரலைத் தாக்கும் அந்தக் கிருமி எப்போதாவது தொற்றியதற்கான அடையாளம்) பாசிட்டிவ் என்று வந்தது. வீடே அரண்டது. அது அம்மாவுடையதே இல்லை, ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து செய்கிற மருந்து என்பதால் அவர்களுடைய ஆன்டிபாடியும் கூடவே வந்திருக்கிறது. மருந்து ஏற்றுவதற்கு முன்னால் எடுத்த ரிப்போர்ட் நெகட்டிவாகக் கையில் இருந்ததால் தப்பித்தோம். பார்க்க வேண்டிய ரத்தம் எல்லாவற்றையும் முதல் பாட்டில் ஏற்றுமுன்பே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

---

அப்பாவுக்கு 67, கண்டக்டராக இருந்து ரிட்டயர்டு ஆனவர். காலையில் முகத்தில் தண்ணீர் அடிக்கக் கண்ணை மூடினால் அப்படியே சாய்வார், வாஷ்பேசினைப் பிடித்துக்கொள்வார். கைநடுக்கம் வேறு. நாங்கள் சுகர் என்றே நினைத்திருந்தோம், ஆனால் மூன்று மாதச் சர்க்கரையைச் சொல்லும் ஹெச்பிஏ1சி 5.6, நார்மல். ரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்க்கிற சீரம் எலக்ட்ரோபோரெசிஸ் என்று ஒரு டெஸ்ட், அதில் ஒரு சின்ன எம் பேண்ட், 0.4. ஒரே மாதிரியான ஆன்டிபாடி சேர்ந்திருப்பதன் அடையாளம் அது. லேப் பையன் 'கொஞ்சம்தான் சார், பெரிசா ஒன்றுமில்லை' என்றான். நரம்பு டாக்டர் அந்தச் சின்னதைத்தான் பிடித்துக்கொண்டார். அடுத்த டெஸ்டில் ஐஜிஎம் என்கிற ஆன்டிபாடி வகை என்று தெரிந்தது, அப்புறம் நரம்பு உறையைத் தாக்குகிற ஆன்டி மேக் ஆன்டிபாடி ரொம்ப அதிகம். ரத்த வியாதி டாக்டரிடம் அனுப்பி எலும்பு மஜ்ஜையும் பார்த்தார்கள், புற்றுநோய் இல்லை. மெதுவாகப் போகிற வகையாம். நடை மோசமானால் பார்க்கலாம், இப்போதைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாருங்கள் என்றார்கள். இப்படி ஒன்றும் செய்யாமல் காத்திருப்பதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அம்மாவுக்கு டாக்டர் மேலேயே கோபம்.

---

என்னுடையது சரியாகச் சொன்னால் நரம்பு நோய் இல்லை, நரம்பும் தசையும் சேருகிற இடத்து நோய், மயஸ்தீனியா என்று பெயர். ஆனாலும் எழுதுகிறேன். சாயங்காலம் ஆனால் வலது இமை தொங்கிவிடும், காலையில் சரியாக இருக்கும். அதற்கான ரத்தப் பரிசோதனை, அசிடைல்கோலின் ரிசெப்டர் ஆன்டிபாடி, நெகட்டிவ். அப்பாடா என்று இருந்தேன். டாக்டர் கைக்குட்டையில் ஐஸ் கட்டி வைத்துச் சுற்றி, மூடிய இமை மேல் இரண்டு நிமிஷம் வைத்து எடுத்தார். இமை மேலே போய்விட்டது! கண்ணில் மட்டும் இருக்கிற மயஸ்தீனியாவில் பாதிப் பேருக்குத்தான் ரத்தத்தில் தெரியுமாம்.

---

மேலே முதலில் எழுதியவன்தான். திருநெல்வேலி தங்கச்சி சொன்ன 'ஏற்றுமுன்பே ரத்தம் எடுப்பது' எனக்குச் சுத்தமாகத் தெரியாது. எங்கள் அத்தை பையனுக்கு அந்த மருந்து ஏற்ற வரும் திங்கட்கிழமை அட்மிஷன், அந்தப் பத்தியை அப்படியே அவனுக்கு அனுப்பிவிட்டேன்.

எனக்கு எப்படி இருக்கிறது என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: எட்டு மாதம் ஆகிறது, மாதம் ஒரு பி12 ஊசி. கணுக்கால் வரை இருந்த மதமதப்பு இப்போது விரல்களில் மட்டும். இடது கால் கட்டைவிரல் இன்னும் வழிக்கு வரவில்லை. ஏஎன்ஏ திரும்ப எடுக்கட்டுமா என்று டாக்டரிடம் கேட்டேன், 'எதற்கு?' என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.