களனி கங்கை மாசியில் ஏன் பச்சையாகுது?

மட்டக்குளிவாசி:
மாசி வந்தா முகத்துவாரத்துக்கிட்ட கரையோரத் தண்ணி பச்சை. வைகாசி மழை இறங்கினா பால்தேத்தண்ணி நிறம். மழையில்லாத நாளில ஃபக்டரிக் கழிவும் கான் தண்ணியும் கெட்டியா இறங்குது, பாசிக்கு அதுதான் தீனி. கழிவை நிப்பாட்டினாச் சரி. இதுக்கு ஆராய்ச்சி எதுக்கு?

உயிரியல் டீச்சர்:
தீனி எந்த மாதத்தில இல்லை, தம்பி? மழைக்காலத்தில வயல் உரமும் சேர்ந்தெல்லோ வருது. இந்தப் பாசி தாவரப் பிளாந்தன், அதாவது தண்ணி இழுத்த பக்கம் மிதந்து போற நுண்ணுயிர். கலம் ஒண்டு இரண்டாகப் பிரிய நல்ல சூழலிலயே ஒரு நாளளவு வேணும். கங்கையின்ர முழு நீளம் 145 கிலோமீற்றர்தான். வெள்ளத்தில பாசி பெருக முதலே கடலுக்குள்ள போயிடும். சேறு வேற, வெளிச்சம் உள்ள இறங்காது. தை, மாசியில ஓட்டம் தளரும், சேறு அடங்கும், பிறகென்ன, பாசி பெருகும். தேம்ஸ் போல குளிர்நாட்டு ஆறுகளில வசந்தத்துச் சூடும் நீண்ட பகலும் தயற்றம் எண்ட ஒருகலப் பாசிகளைப் பெருக்கும். எங்களுக்குத் தண்ணி வருசம் முழுக்க இளஞ்சூடு, பருவத்தைப் பிரிக்கிறது மழைதான்.

மட்டக்குளிவாசி:
அப்ப கழிவு விடுறவனுக்கு நற்சான்றிதழோ? 'ஓட்டம் குறைஞ்சிட்டு' எண்டு அவனும் கையைக் கழுவிடுவான்.

கடுவலை மச்சான்:
ரெண்டு பேரும் மனுசன் ஓட்டத்தில கைவச்சதை விட்டுட்டீங்க. மேல காசல்றீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களில கரண்டுக்குத் தண்ணி விடுறதுக்கு ஏத்த மாதிரி கோடை ஓட்டம் மாறும். மணல் அள்ளி அள்ளி ஆறு பள்ளமாகி, வறட்சியில கடல் உப்புத்தண்ணி, கொழும்புக்குக் குடிதண்ணி எடுக்கிற அம்பத்தலை வரைக்கும் ஏறுது. அதை மறிக்க மணல்மூட்டை அடுக்கினாங்க. அடைச்சா ஓட்டம் இன்னும் தளராதா?

உயிரியல் டீச்சர்:
தளரும். இனமும் மாறும். தயற்றத்துக்குச் சிலிக்கா ஓடு, பாரம். தண்ணி கலங்கிக்கொண்டிருந்தாத்தான் மிதக்கும், தேங்கினா அடியில படிஞ்சிடும். அந்த இடத்தை வாயுப்பையால மிதக்கிற சயனோபற்றீரியா, அதாவது நீலப்பச்சைப் பாசி, பிடிக்கும். கொழும்புப் பேர வாவியில பச்சைப் பெயின்ற் ஊத்தின மாதிரி ஆடை கட்டுற மைக்ரோசிஸ்டிஸ் அந்தச் சாதிதான், நஞ்சு சுரக்கிற வகையும் அதில இருக்கு. களனி அந்தக் கதிக்குப் போகாததுக்கு ஓட்டம் பெரிய காரணம்.

மட்டக்குளிவாசி:
மழையை வரவைக்க எங்களால ஏலாது டீச்சர். கழிவுக் குழாயை மூட ஏலும்.

உயிரியல் டீச்சர்:
மூடுங்கோ, ஆர் வேண்டாமெண்டது? மூடிப்போட்டு வைகாசி வெள்ளத்தில ஒரு போத்தல் தண்ணி அள்ளி 'பாசி குறைஞ்சிட்டு' எண்டு அறிக்கை விடாதீங்கோ. அடுத்த மாசியில, அதே இடத்தில அள்ளுங்கோ.