அம்மாவோடு முதல்முறை ஜப்பான்: சைவச் சாப்பாடு, ரயில், முழங்கால் வலி

ரோஸ்ஹில் மீனா:
எல்லோருக்கும் வணக்கம். மார்ச் கடைசியில் அம்மாவை அழைத்துக்கொண்டு 9 நாள் ஜப்பான் போகிறேன், இரண்டு பேருக்குமே முதல்முறை. நம் மொரீசியஸ் பாஸ்போர்ட்டுக்கு 90 நாள் வரை விசா வேண்டாம் என்று தெரிந்ததும் டிக்கெட்டை எடுத்துவிட்டேன், மற்றதெல்லாம் இனிமேல்தான். டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா, ஹிரோஷிமா, முடிந்தால் சப்போரோ என்று எழுதி வைத்திருக்கிறேன். போர்ட் லூயிஸில் ஒரு ஏஜென்ட், ஜப்பான் ரயில்களில் ஏழு நாள் ஏறி இறங்கும் ஜே.ஆர். பாஸ் வாங்கியே ஆகவேண்டும் என்கிறார். அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி உண்டு. ஒரு வருடம் காவடிக்கு விரதம் பிடித்தவர் அப்படியே சைவமாகிவிட்டார், மீன் வாசனை வந்தாலே தட்டை நகர்த்திவிடுவார். "அந்த ஊரில் நான் என்னடி சாப்பிடுவேன், நீ போய்ட்டு வா" என்று இப்போதே பின்வாங்குகிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள், தயவுசெய்து.

கத்ர்போர்ன் குமார்:
தங்கச்சி, முதலில் சப்போரோவை எடுத்துவிடுங்கள். அது வடக்கே வேறு தீவு, புல்லட் ரயில் இன்னும் அதுவரை போகவில்லை, விமானத்தில் போவதுதான் வசதி. ஹிரோஷிமா பார்க்கவேண்டிய ஊர்தான், ஆனால் கியோட்டோவிலிருந்து ஒரு பக்கமே கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம், முழங்கால் வலியோடு ஒரே நாளில் போய்வருவது அம்மாவுக்குப் பாவம். டோக்கியோ நான்கு இரவு, கியோட்டோ நான்கு இரவு போதும். ஒசாகா கியோட்டோவிலிருந்து சாதாரண ரயிலில் அரை மணி நேரம்தான், அதற்குத் தனியாக ஹோட்டல் வேண்டாம்.

அப்புறம் அந்தப் பாஸ். 2023 அக்டோபரில் அதை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏற்றிவிட்டார்கள். டோக்கியோ–கியோட்டோ டிக்கெட் ஒரு பக்கம் ஏறக்குறைய 14,000 யென், போக வர சேர்த்தாலும் பாஸ் விலைக்குக் கிட்டவே வராது. தனி டிக்கெட் எடுங்கள். ஊருக்குள் சுற்ற ஏர்போர்ட்டிலேயே ஒரு சுய்கா கார்டு வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள், கியோட்டோ பஸ்ஸிலும் அதுவே செல்லும், கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கவும் உதவும்.

நான் முதல்முறை போனபோது ஷின்ஜுகு ஸ்டேஷனில் முக்கால் மணி நேரம் சுற்றினேன். இருநூறுக்கு மேல் வாசல்கள், எதில் ஏறினாலும் வேறு எங்கோ போய் நின்றேன். நம் மெட்ரோவில் ரோஸ் ஹில்லில் இறங்கி நேராக வெளியே வருகிற பழக்கம் அங்கே செல்லாது. ஹோட்டலுக்கு எந்த வாசல், லிஃப்ட் எந்த வாசலில் இருக்கிறது, இந்த இரண்டையும் புறப்படும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். லிஃப்ட் இல்லாத பக்கம் ஏறினால் படிதான், அம்மாவுக்கு அன்றைய நாள் அங்கேயே முடிந்துவிடும். பெரிய பெட்டியை டோக்கியோ ஹோட்டலிலேயே கொடுத்தால் பெரும்பாலும் மறுநாள் கியோட்டோ ஹோட்டலுக்கு வந்துவிடும், தக்யூபின் என்று கேளுங்கள். நீள அகல உயரம் கூட்டி 160 செ.மீ. தாண்டும் பெட்டியை அந்தப் புல்லட் ரயிலில் ஏற்றினால் அதற்கென்று சீட் முன்பதிவு செய்யவேண்டும், அந்தத் தொல்லையும் போகும்.

வாக்வா ராணி:
மீனா, சாப்பாட்டைப் பற்றி நான் சொல்கிறேன், டோக்கியோவில் மூன்று வருடம் சைவமாக இருந்தவள். அங்கே சிக்கல் இறைச்சியில் இல்லை, தாஷியில். அது சூப் தண்ணீர், காய்ந்த மீன் சீவலில் ஊறவைத்து எடுப்பார்கள். நூடுல்ஸ், குழம்பு, வேகவைத்த காய்கறி, முட்டைப் பொரியல், எல்லாவற்றிலும் அது இருக்கும். "வெஜிடேரியன்" என்று சொன்னால் இறைச்சித் துண்டு மட்டும் வேண்டாம் என்று புரிந்துகொள்கிறார்கள். பொய் சொல்வதில்லை, அவர்கள் கணக்கில் தாஷி மீனே இல்லை. அதனால் "இறைச்சி, மீன், மீன் தாஷி மூன்றும் கூடாது" என்று ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டு ஒன்று அம்மா பையிலும் உங்கள் பையிலும் இருக்கட்டும்.

கியோட்டோதான் உங்களுக்கு ஏற்ற ஊர். புத்த மடங்களின் சமையல் ஷோஜின் ரியோரி, அதில் மீன் கிடையாது, தாஷியே கடற்பாசியிலும் காளானிலும் எடுப்பார்கள். சின்னச் சின்னக் கிண்ணங்களாக வரும், நம் ஏழு கறி பந்தியை அம்மாவுக்கு நினைவூட்டும். டோக்கியோவில் நிஷி-கசாய் பக்கம் இந்தியர்கள் நிறைய, சோறும் குழம்பும் கிடைக்கும். முதல் இரண்டு நாளைக்குப் பருப்புப் பொடி, ஊறுகாய் கொண்டுபோங்கள். பச்சைக் கறிவேப்பிலையும் பழமும் வேண்டாம், ஏர்போர்ட்டில் பிடித்துக்கொள்வார்கள். மருந்துகளை டாக்டர் சீட்டோடு வையுங்கள். சளி மருந்து, வலி மருந்து சிலவற்றுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு.

ரோஸ்ஹில் மீனா:
அக்கா, தாஷி விஷயம் தெரியவே தெரியாது, சொன்னதற்கு ரொம்ப நன்றி. ஒரு சின்ன ரைஸ் குக்கர் எடுத்துப் போகலாமா?

வாக்வா ராணி:
வேண்டாம்மா. அங்கே 100 வோல்ட், நம் ஊரில் 230. நம் குக்கர் சூடாகவே நேரமாகும், சோறு வேகாது. கடைகளில் இரண்டு நிமிடத்தில் சூடு செய்யும் வெறும் சோறு பாக்கெட் இருக்கிறது. வேறு எதுவும் கலக்காததாகப் பார்த்து எடுங்கள்.

போபாசன் செல்வம்:
சாப்பாட்டுக்காக மட்டும் பயந்து அம்மா வராமல் இருந்துவிடக்கூடாது. நம்மவர்கள் பார்க்கவேண்டிய கோயில்கள் அங்கே இருக்கின்றன, அதை அவரிடம் சொல்லுங்கள். கியோட்டோவில் சஞ்ஜூசன்கென்தோ, 120 மீட்டர் நீளமுள்ள ஒரே மண்டபம், உள்ளே கருணையின் வடிவமான கன்னொனுக்கு 1,001 சிலைகள். முன்வரிசையில் 28 காவல் தெய்வங்கள் நிற்கின்றன, பலர் இந்தியாவிலிருந்து போனவர்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போகவேண்டும், உள்ளே போட்டோ கூடாது, ஏற வேண்டிய படிகளும் குறைவு. டோக்கியோவில் உவேனோ குளத்து நடுவில் பென்சைதென் கோயில், அது நம் சரஸ்வதிதான்.

கியோட்டோவிலிருந்து நாரா முக்கால் மணி நேரம். அங்கே தோதாய்ஜி கோயிலில் பெரிய புத்தருக்கு 752-இல் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி. தூரிகையில் நூல்களைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொள்ள, அவர் கண்ணை வரைந்தார். கும்பாபிஷேகத்தன்று கலசத்திலிருந்து வரும் கயிற்றைத் தொட நாம் நெருக்குவோமே, எனக்கு அங்கே நின்றபோது அதுதான் ஞாபகம் வந்தது, கண் கலங்கிவிட்டது. கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி கோயிலில் மட்டும் மலை உச்சிவரை ஏறவேண்டாம், அடிவாரத்துச் சிவப்பு வாசல்களே போதும், கட்டணமும் இல்லை.

மார்ச் கடைசியிலும் காலையில் நம் ஊரில் யாரும் பார்க்காத குளிர் இருக்கும். அம்மாவுக்கு ஸ்வெட்டரும், எளிதாகக் கழற்றி மாட்டும் ஷூவும், ஓட்டையில்லாத சாக்ஸும் வாங்குங்கள். இந்த விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ரோஸ்ஹில் மீனா:
சப்போரோ, ஹிரோஷிமா, பாஸ் மூன்றையும் அடித்துவிட்டேன். செல்வம் அண்ணா எழுதியதை இரவு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தக் கண் திறந்த ஊருக்கு எத்தனையாவது நாள் போறோம்?" என்று கேட்டார்.