பந்துமூட்டுப் பொம்மை வாங்க எதை முதலில் பார்ப்பது? எல்லைப்பக்கத்து அனுபவங்கள்

வேலந்தாவளம் செக்போஸ்ட்:
பிஜேடி, அதாவது மூட்டெல்லாம் பந்தும் குழியுமாக அசைகிற பந்துமூட்டுப் பொம்மை, வாங்க ஆசை, எதை முதலில் பார்க்கணும் என்று புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். தேடினால் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் குளிர் நாட்டு அறைகளுக்கு எழுதியது. ஏப்ரலில் 40 டிகிரியைத் தொட்டு, ஜூனில் அலமாரித் துணி ஈரம் கோர்க்கிற நம் பக்கத்துக்கு அது பாதிதான் பொருந்தும். பாலக்காட்டுச் சித்தூர்க்காரர்கள், ஆந்திரச் சித்தூர்க்காரர்கள், இரு தரப்பும் கையாண்டு பார்த்ததைப் போடுங்கள். பொம்மைக்குப் பேர் வைத்த கதை, பிறந்தநாள் கதையெல்லாம் வேறு இழையில். இங்கே அளவு, காரணம், எது எப்படிக் கெடும், அவ்வளவுதான்.

கொல்லங்கோட்டுக் கொலுப்படி:
என் ஓட்டு உடம்புக்கு. எல்லாரும் முகத்தைப் பார்த்துத்தான் விழுகிறார்கள். கம்பெனிப் படத்தில் தெரிகிற முகம் என்பது விக், கண், உடை, விளக்கு எல்லாம் சேர்ந்தது. பெட்டியைத் திறந்தால் பல கம்பெனிகளில் வருவது மொட்டைத் தலை, சாயம் பூசாத முகம், ஒட்டுத் துணி இல்லாத உடம்பு. மீதியெல்லாம் தனி விலை.

முதலில் உயரம். 1/3 அளவு (ஆளுயரத்தில் மூன்றில் ஒரு பங்கு) என்றால் ஏறக்குறைய 57 முதல் 65 செ.மீ.; 1/4 என்றால் 40 முதல் 45; 1/6 என்றால் 26 முதல் 30. ஜப்பானின் வோக்ஸ் 1999ல் சூப்பர் டால்ஃபியை இறக்கியபோது வைத்த 57 செ.மீ.தான் இன்றும் பெரிய பொம்மைகளுக்கு அடிப்படை அளவு. 1/3 பொம்மைகள் சில இரண்டு கிலோவைத் தாண்டும். ஒரு கையில் இடுப்பைப் பிடித்து மறு கையில் சட்டை மாட்டும்போதுதான் அந்தக் கனம் உறைக்கும். கொலுவில் வைக்க நினைப்பவர்கள் படியின் உயரத்தை அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள். 22 செ.மீ. இடைவெளிப் படியில் 60 செ.மீ. பொம்மை நின்றால் பின்னால் இரண்டு படி மறைந்துபோகும். 1/6 அளவு கச்சிதம்.

அடுத்து மூட்டு. நிற்கிற படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கம்பெனி அசைவுப் படங்களில் மூன்று பாருங்கள்: விரல் நுனி கன்னத்தைத் தொடுகிறதா, முதுகுக்கு முட்டுக் கொடுக்காமல் நாற்காலியில் உட்காருகிறதா, முட்டி போடுகிறதா. முழங்கையிலும் முழங்காலிலும் இரட்டை மூட்டு இருந்தால் முதலும் மூன்றும் நடக்கும். ஒற்றை மூட்டு ஏறக்குறைய 90 டிகிரி மடங்கியதுமே நின்றுவிடும். தொடையின் நடுவே சுழலும் வெட்டு இருந்தால் கால்மேல் கால் போடுவது எளிது. ஆனால் வெட்டு கூடக்கூட நிற்கும் உறுதி குறையும். சம்மணம் போட வைப்பவர்களுக்கு வெட்டு வேண்டும். கண்ணாடிப் பெட்டியில் நிறுத்தி மட்டும் வைப்பவர்களுக்கு ஒற்றை மூட்டே நல்லது.

உள்ளே இருப்பது எலாஸ்டிக். தலைக் கொக்கியிலிருந்து இரண்டு பாதம் வரை ஒரு நீள வளையம். ஒரு மணிக்கட்டிலிருந்து மறு மணிக்கட்டு வரை மார்புக்குள் ஒரு குட்டை வளையம். 1/3க்கு 4 அல்லது 5 மி.மீ. தடிமன், 1/4க்கு 3, 1/6க்கு 2. நம் வெயிலில் ரப்பர் சீக்கிரம் தொய்யும். கையை முன்னால் நேராக நீட்டிவிட்டால் அப்படியே நிற்க வேண்டும். மெல்லத் தாழ்ந்தால் தளர்ந்துவிட்டது. முழங்கால் தானாக உதைத்துக்கொண்டு நிமிர்ந்தால் இழுப்பு அதிகம், அல்லது மூட்டுக் குழி வழுக்குகிறது. இங்கேதான் பலர் எலாஸ்டிக்கை இன்னும் இறுக்கிவிடுவார்கள். அப்போது மூட்டின் விளிம்பில் மொத்த இழுப்பும் ஏறி, மெல்லிய இடத்தில் ரெசின் (பொம்மையை வார்த்த பிளாஸ்டிக்) பிளக்கும். உதைப்புக்கு மருந்து தோல். அரை மி.மீ. தடிமனுள்ள மெல்லிய தோலை நாலணா அளவுக்கு வட்டமாக வெட்டி, விளிம்பில் நாலு கீறல் போட்டு, குழிக்குள் ஃபெவிகால் வைத்து ஒட்டி ஒரு இரவு விடுங்கள். பிடிக்கவில்லை என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் கழன்று வந்துவிடும். ஃபெவிக்விக் பக்கம் போகாதீர்கள். சுற்றிலும் வெள்ளை ஆவி படியும், பிறகு எடுக்கவும் முடியாது.

எலாஸ்டிக்கை மாட்டுகிற எஸ் வடிவக் கொக்கி எந்த உலோகம் என்று கேளுங்கள். சாதா இரும்பு என்றால் இரண்டு மழைக்காலத்தில் துரு இறங்கி ரெசினுக்குள் பழுப்பாக ஊறும். ஸ்டெயின்லெஸ் கொக்கி போட்டு மாற்றிவிடலாம்.

கல்பாத்தி முதல் தெரு:
அண்ணா சொன்னது சரி, முடிவு மட்டும் எனக்கு ஒப்பவில்லை. உடம்பை வேறு கம்பெனியில் வாங்கி மாட்டலாம். தோல் ஒட்டலாம், எலாஸ்டிக் மாற்றலாம். ஒரு சிற்பி செதுக்கிய முகத்துக்கு மாற்றே கிடையாது. பலவும் குறிப்பிட்ட காலம் மட்டும் ஆர்டர் எடுத்து மூடிவிடுவார்கள். பிடித்த முகம் திறந்திருக்கும்போது தலையை வாங்கிக்கொள்ளலாம், உடம்பு பிறகு.

அதில் இரண்டு பொறி உண்டு. கழுத்துச் சுற்றளவு தலையின் அடித்துளைச் சுற்றளவை விடக் கொஞ்சம் குறைவாக இருக்கணும். கூடினால் தலை திரும்பாது. ரொம்பக் குறைந்தால் தலை பின்னால் சாய்ந்துகொண்டே இருக்கும். இன்னொன்று நிறம். 'நார்மல்', 'ஒயிட்' என்று ஒரே பேரை எல்லாக் கம்பெனியும் வைத்திருக்கும். ஒன்று ரோஜா சாயலில் வரும், மற்றது மஞ்சள் சாயலில். ஒரே கம்பெனியின் ஒரே நிறம்கூட வெவ்வேறு வருடத்து வார்ப்பில் ஒத்துப்போகாது. நிறச் சில்லு (ரெசின் நிற மாதிரித் துண்டு) விற்கிறார்களா பாருங்கள். இல்லை என்றால் பகல் வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்து எடுத்த படம் யாரிடமாவது கேட்டு வாங்குங்கள்.

முகம் முதலில் என்றால் ஃபேஸ்அப், அதாவது முகத்துக்குச் சாயம் பூசுகிற கேள்வி உடனே வரும். பூசாத முகத்தை வாங்கி நாமே பூசினால் மிச்சம் என்று கணக்குப் போடுவார்கள். பேஸ்டல் பொடி நிற்க அடியில் மேட் சீலன்ட் (பளபளக்காத காப்புப் பூச்சு) அடிக்கணும். எல்லாரும் தேடுவது மிஸ்டர் சூப்பர் கிளியர். அது ஸ்ப்ரே டின், எரியக்கூடிய வாயு. விமானத் தபாலில் வராது. டின் கிடைத்தாலும் காற்றில் ஈரம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூச்சு வெண்மையாகப் பூத்துவிடலாம். மழைக்காலத்தில் இங்கே அடிக்கவே கூடாது. கிழக்கே இருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வறண்ட காற்று வருகிற டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நமக்கு வாய்ப்பு. அதிலும் காற்று தூசியோடு வருவதால் காலையில், மறைவான மூலையில். கரிமஆவி வடிகட்டும் சுவாசக் கவசம் கட்டாயம். துணி மாஸ்க், என்95 இரண்டும் இந்த ஆவிக்குப் பயனில்லை. முதல் பொம்மைக்குக் கம்பெனி ஃபேஸ்அப்போடு வாங்குவதே மேல் என்பேன்.

கண் பற்றி ஒன்று. 14 மி.மீ. என்பது கண்ணின் மொத்தக் குறுக்களவு. கருவிழி எவ்வளவு பெரிசு என்பது வேறு கணக்கு. ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தால் ஒரு அளவு பெரிசு போடுங்கள், அல்லது கண்ணைப் பிடித்து வைக்கிற களிமண்ணால் அடைக்கலாம். குழந்தைகளின் வண்ணக் களிமண்ணில் எண்ணெய் உண்டு, ரெசினுக்குள் இறங்கும். போஸ்டர் ஒட்டும் பசையோ மேயில் இளகி, கண் ஒன்று ஆகாயத்தைப் பார்க்க ஆரம்பிக்கும். காதடைப்பு சிலிகோன் இந்தச் சூட்டுக்குத் தாங்குகிறது.

நகரித் தறிக்காரர்:
ரெசினா வினைலா (மென்மையான பிளாஸ்டிக்) என்பதை இருவரும் தொடவில்லை. நம் ஊருக்கு இது பெரிய கேள்வி.

ரெசின் என்பது பாலியுரேத்தேன் வார்ப்பு. கனம், வழவழப்பு, நுண்ணிய செதுக்கல் எல்லாம் உண்டு. குறை: வெளிச்சத்தில் மஞ்சளாகும். புற ஊதாக் கதிர் வேகப்படுத்தும், வெப்பமும் கூடச் சேரும். இருட்டுப் பெட்டியில் வைத்தாலும் மெல்ல நிறம் மாறும். எதுவும் மஞ்சளாகாது என்று விற்கிறவரை நம்பாதீர்கள். வெள்ளை நிறத்தில் அந்த மஞ்சள் பளிச்சென்று தெரியும். மாநிறப் பொம்மையில் மஞ்சள் தெரியாது, ஆனால் வெளிறும். துணி மூடிய இடம் ஒரு நிறம், திறந்த இடம் ஒரு நிறம். ஜன்னல் கண்ணாடி எல்லாப் புற ஊதாவையும் தடுக்காது. மேற்குச் சுவர், பூஜை விளக்குப் பக்கம், இரண்டும் வேண்டாம்.

வினைல் பொம்மை, டால்ஃபி டிரீம், ஸ்மார்ட் டால் போன்றவை, உள்ளே எலும்புச் சட்டகம் கொண்டவை. எலாஸ்டிக் கிடையாது, விழுந்தால் எளிதில் உடையாது, எடை குறைவு. அதன் எதிரி சாயம். கருநீலம், கறுப்பு, சிவப்புத் துணி ஒரே நாளில் இறங்கிவிடலாம். வினைலில் ஊறிய கறைக்கு முகப்பருவுக்குத் தருகிற பென்சாயில் பெராக்சைடு களிம்பைத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி வைப்பார்கள். பல சுற்று போகும், சுற்றி இருக்கும் நிறமும் வெளுக்கலாம். நகச்சாயம் அழிக்கும் அசிட்டோனை வினைலில் தொட்டால் உருகும். ரெசினில் மேலோட்டமான கறை என்றால் மெலமைன் ஸ்பாஞ்சை நனைத்து லேசாகத் தேய்க்கலாம். அது மிக நுண்ணிய உப்புத்தாள் மாதிரிதான் வேலை செய்யும், பூசிய முகத்தில் வைத்தால் புருவம் போய்விடும்.

சாயம் போகிற துணியா என்று பார்க்க: வெள்ளைப் பருத்தித் துண்டை நனைத்துத் துணிமேல் வைத்து இஸ்திரிப் பெட்டியை 10 நொடி அழுத்துங்கள். வெள்ளையில் துளி நிறம் ஏறினாலும் அது பொம்மைக்கு ஆகாது. குத்தாம்புள்ளி கசவுத் துணி வெள்ளை என்பதால் நிம்மதி. கஞ்சியை மட்டும் அலசிவிடுங்கள். சேலை கட்ட நினைப்பவர்களுக்கு: 60 செ.மீ. பொம்மைக்கு சுமார் 2 மீட்டர் நீளம், 43 செ.மீ. அகலம். அளவு சுருங்கினாலும் துணியின் தடிமன் சுருங்காது, கொசுவம் முட்டிக்கொண்டு நிற்கும். அதனால் மல்மல் போன்ற மெல்லிய துணி, ஐந்து மடிப்புக்கு மேல் வேண்டாம். உள்ளே தோல் நிறக் காலுறைத் துணியில் ஒரு சட்டை போட்டுவிடுங்கள்.

நவராத்திரிக்கு இன்னொன்று. பொம்மைக்குக் குங்குமம், மஞ்சள் வைக்காதீர்கள். மஞ்சள் கறை வெயிலில் வெளுக்கும் என்பது உண்மை, ஆனால் அந்த வெயில்தான் ரெசினை மஞ்சளாக்குவது!

வாளையார் லாரிப்பேட்டை:
சுங்கத்தைச் சேர்க்காமல் பட்ஜெட் போடுகிறவர்களுக்கு. சுங்கப் பட்டியலில் பொம்மைகள் 9503 தலைப்பு. அடிப்படை வரி 2020ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023ல் 70. வரி பொம்மை விலைக்கு மட்டும் கிடையாது, அனுப்புகிற செலவும் காப்பீடும் சேர்த்த தொகைக்கு. 300 டாலர் பொம்மை, 50 டாலர் கூரியர் என்றால் 350க்கு. 70 சதவீதம் என்றால் அடிப்படை வரியே 245 டாலர். அதற்கு மேல் ஐஜிஎஸ்டி, கூரியரின் கையாளும் கட்டணம். தனிப்பட்ட உபயோகத் தலைப்பில் போட்டால் விகிதம் மாறும். எந்தத் தலைப்பில் போடுவார்கள் என்பதை கூரியரிடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள்.

'கிஃப்ட்' என்று எழுதச் சொல்லாதீர்கள். அந்தச் சலுகை 2019 டிசம்பரோடு போய்விட்டது. விலையைக் குறைத்து எழுதினால் பார்சல் உடைந்து வரும்போது காப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான். 2021 ஜனவரி முதல் குழந்தைகள் விளையாட்டுப் பொருளுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை கட்டாயம். அந்த உத்தரவு 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. அதனால் கம்பெனிப் பக்கத்தில் 'பெரியவர்களுக்கான சேகரிப்புப் பொருள்' என்று போட்டிருப்பதன் அச்சு, பில், பணம் கட்டிய ரசீது, கேஒய்சி தாள் எல்லாம் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும்.

கொழிஞ்சாம்பாறை கள்ளுக்கடை முக்கு:
யாரிடம் வாங்குவது என்பதைத்தான் நான் முதலில் வைப்பேன். அசல் பொம்மைக்கு அச்சு எடுத்துத் திருட்டு வார்ப்பு போடுவதுதான் ரீகாஸ்ட். கம்பெனி விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு, உடனே கிடைக்கும் என்றால் சந்தேகப்படுங்கள். அசலுக்கு ஆர்டர் போட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது சாதாரணம். அச்சிலிருந்து அச்சு எடுப்பதால் ரீகாஸ்ட் சற்று சுருங்கும், காது மடலும் விரல் இடுக்கும் மொழுக்கென்று இருக்கும், அசல் விக், அசல் கை பொருந்தாமல் போகலாம். சான்றிதழையும் போலியாக அடிக்கிறார்கள். கம்பெனி தன் பக்கத்தில் பட்டியல் போட்டிருக்கும் முகவரிடம் வாங்குவதே பாதுகாப்பு.

பெட்டி வந்ததும் வெட்டுவதிலிருந்து வீடியோ. பிறகு வரிசையாக: தலையில் கழன்று வருகிற மூடியின் காந்தம் பிடிக்கிறதா, கண்குழிக்குள் காற்றுக் குமிழ் ஓட்டை இருக்கிறதா, முழங்கால் விளிம்பில் மயிரிழை விரிசல், கணுக்கால் கொக்கி நிற்கும் கம்பி, விரல்கள். அச்சுக் கோடு உடம்பின் பக்கவாட்டில் மேடாக இருப்பது குறை ஆகாது, பல கம்பெனி அப்படியே அனுப்பும். அதைத் தேய்க்கப் போகிறவர்கள் நனைத்துத் தேயுங்கள். உலர்ந்த ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

மீனாட்சிபுரம் தென்னந்தோப்பு:
அக்கா, அண்ணன்மாரே, எல்லாம் படித்தேன். இன்னும் குழப்பம் கூடிவிட்டது. வீட்டில் ஏசி இல்லை, ஓட்டு வீடு. சேலை கட்டிப் பார்க்க ஆசை. முதல் பொம்மைக்கு எது?

கல்பாத்தி முதல் தெரு:
சேலை என்றால் 1/4க்குக் கீழே போகாதீங்க, கொசுவம் நிற்காது. 1/4, மாநிற ரெசின், கம்பெனி ஃபேஸ்அப்.

கொல்லங்கோட்டுக் கொலுப்படி:
அதோடு இடுப்பு குறுகிய உடம்பாகப் பார்த்து வாங்குங்க. ஓட்டு வீட்டில் பரண் பக்கம் வேண்டாம், கீழ்த்தட்டு மர அலமாரி, சிலிக்கா ஜெல் பொட்டலம். மழைக்காலத்தில் பொட்டலத்தை மாதம் ஒரு முறை வாணலியில் கொட்டி வறுத்துப் போடுங்க; பொட்டலத்தோடு வறுக்கக் கூடாது.

மீனாட்சிபுரம் தென்னந்தோப்பு:
பழைய பொம்மை ஒன்று கோயம்புத்தூரில் விலைக்கு வருகிறது. 'லேசான மஞ்சள்' என்கிறார்கள். எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நகரித் தறிக்காரர்:
தலை மூடியைக் கழற்றச் சொல்லுங்கம்மா. உள்பக்கம் வெளிச்சம் படாத இடம், பழைய நிறம் அங்கே மிச்சமிருக்கும். மூடியைத் திருப்பி நெற்றிக்குப் பக்கத்தில் வைத்து, கூடவே ஒரு வெள்ளை ஏ4 தாள், நிழலில் பகல் வெளிச்சத்தில் ஒரு படம். தாள் படத்தில் மஞ்சளாக விழுந்தால் அது கேமராவின் நிறம், பொம்மையின் நிறம் கிடையாது. தாள் வெள்ளையாக இருந்து மூடிக்கும் நெற்றிக்கும் வித்தியாசம் கண்ணில் அடித்தால் விலையைக் குறைத்துக் கேளுங்க. தலைக்கும் உடம்புக்கும் வித்தியாசம் இருந்தால் இன்னும் குறைத்துக் கேளுங்க, அது உடை மாற்றும்போதெல்லாம் தெரியும்.